மணலுக்குக் கீழே போகும் யூரியா

மழைக்காலம் முடிந்த கையோடு காவாந்தண்டலத்தில் செய்யாற்றுக்குள் இறங்கி, மணலை முழங்கை ஆழத்துக்குத் தோண்டிப் பாருங்கள். குழியின் ஓரம் மெல்லக் கசியும். முதலில் கலங்கல், கொஞ்சம் பொறுத்தால் தெளிவு. பாலாற்றுப் பக்கத்து ஊர்களில் இந்தக் கசிவை நம்பியே ஊற்றுக்கால் வெட்டிப் பாசனம் செய்தார்கள். மேலே காய்ந்து கிடந்தாலும் ஆறு அடியில் நடந்துகொண்டிருக்கும்.

நடந்து எங்கே போகும்? பள்ளத்துக்குத்தான். செய்யாறு திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்கிறது. பாலாறு கல்பாக்கத்துக்குத் தெற்கே வாயலூர் பக்கம் கடலைத் தொடுகிறது. கடலோரம் என்றாலே உப்புத் தண்ணீர் உள்ளே ஏறுவதைப் பற்றித்தான் பேசுகிறோம். வாயலூரில் தடுப்பணை கட்டியதும் அதற்காகத்தான். ஆனால் கடலோர மணல் இரண்டு பக்கமும் திறக்கும் கதவு. நிலத்துத் தண்ணீரும் மணல் வழியே கடலுக்குள் கசிகிறது. வில்லார்ட் மூர் என்ற ஆய்வாளர் அமெரிக்காவின் தென் கரோலினா கடலோரத்தில் நிலத்தடி நீரின் தடயமான ரேடியத்தை அளந்து பார்த்தார். அங்கே ஆறுகள் கொட்டும் நீரில் சுமார் 40 சதவீத அளவுக்கு நிலத்தடியிலிருந்து வருவதாக 1996-ல் கணக்குச் சொன்னார். உலகம் வியந்தது. தங்கச்சிமடத்துக்காரர்கள் வியந்திருக்க மாட்டார்கள். வில்லூண்டி தீர்த்தத்தில் கடலுக்குள்ளேயே நல்ல தண்ணீர் இறைத்துக் குடித்தவர்கள் அவர்கள்.

வெறும் தண்ணீர் போனால் பரவாயில்லை. 45 கிலோ யூரியா மூட்டையில் கிட்டத்தட்ட 21 கிலோ தழைச்சத்து. நெல் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் அதில் பாதிகூட இல்லை. மீதியில் கொஞ்சம் அமோனியாவாகக் காற்றில் போகும். கொஞ்சம் நைட்ரேட்டாகித் தண்ணீரோடு இறங்கும். களிமண் சேற்றில் அந்த இறக்கம் தடைபடும். ஆற்றோரத்து மணல்சாரி நிலத்தில் மளமளவென்று இறங்கிவிடும். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டத்துக்குப் பட்டம் இதுதான் நடக்கிறது. விவசாயியைத் திட்டிப் பயனில்லை. யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசு, டி.ஏ.பி. 1,350 ரூபாய் என்று விலை வைத்தால் கை எதை அள்ளும்? "இன்னும் பச்சை கட்டலையே" என்று இன்னொரு கை வீசத்தான் தோன்றும். 2015-ல் யூரியாவுக்கு வேப்பெண்ணெய் பூசச் சொன்னார்கள். நைட்ரேட்டாவது தாமதப்படும், அவ்வளவுதான்.

காவாந்தண்டலத்தில் வீசிய யூரியா அப்படியே வாயலூர் போய்ச் சேருகிறது என்று கோடு கிழிக்க மாட்டேன். வழியில் எத்தனை போர், எத்தனை குடிநீர்க் கிணறு! ஆனால் வழிநெடுக வயல்களும் கழிவறைக் குழிகளும் தங்கள் பங்கைச் சேர்த்துக்கொண்டே வருகின்றன.

இது பட்டவர்த்தனமாகத் தெரிவது யாழ்ப்பாணத்தில். வழுக்கையாற்றை விட்டால் அங்கே ஆறென்று சொல்ல ஒன்றுமில்லை; பெய்யும் மழை பொத்தல் விழுந்த சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கிவிடும். வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் போட்ட உரமும் கூடவே இறங்கும். பல கிணறுகளில் நைட்ரேட், உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பான லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருக்கிறது. கீரிமலையில் கடலை ஒட்டிய கேணியில் ஊறுவது இதே நிலத்துத் தண்ணீர்தான். ஆடி அமாவாசைக்கு அதில்தான் முழுகுகிறார்கள்.

கடலுக்குப் போன சத்து சும்மா இருக்காது. முதலில் நுண்பாசி பெருகும். அதைத் தின்று நாக்டிலூகா என்ற நுண்ணுயிரி பெருகும். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் இரவில் நீல ஒளி அடித்ததே, அதே உயிரி. எல்லோரும் செல்போனோடு ஓடினார்கள். அடுத்த மாதமே மண்டபம் பக்கம் கடல் பச்சையாகி மீன் செத்து ஒதுங்கியது. அங்கே செல்ஃபி இல்லை. காற்றும் வெயிலும் நீரோட்டமும் கூடிவந்தால்தான் இப்படிப் பூக்கும். தீனி இல்லாவிட்டால் எது கூடிவந்தும் பூக்காது.

செய்யாற்றுக் குழியில் தெளிந்த தண்ணீரைக் கையில் அள்ளிக் குடித்தால் தித்திப்பாகத்தான் இருக்கும். நைட்ரேட்டுக்கு ருசியில்லை, வாடையில்லை, காய்ச்சினாலும் போகாது.