ஒரு டன் சரக்கை ஏற்ற என்ன செலவு?

1956ஆம் ஆண்டு அமெரிக்காவில், நடுத்தரக் கப்பல் ஒன்றில் உதிரிச் சரக்கை ஏற்ற டன்னுக்கு 5.83 டாலர் ஆனது. அதே ஆண்டு ஏப்ரல் 26 அன்று நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் புறப்பட்ட 'ஐடியல் எக்ஸ்' என்ற பழைய எண்ணெய்க் கப்பலின் மேல்தளத்தில் 58 உலோகப் பெட்டிகள், அதாவது கன்டெய்னர்கள், அடுக்கப்பட்டன. ஏழு நிமிடத்துக்கு ஒரு பெட்டி. மொத்தத்தையும் ஏற்றி முடிக்க எட்டு மணி நேரம்கூட ஆகவில்லை. கப்பல் உரிமையாளர் மால்கம் மெக்லீனின் ஆட்கள் போட்டுப் பார்த்த கணக்கில் டன்னுக்கு 15.8 சென்ட்தான் வந்தது. பழைய செலவில் முப்பத்தேழில் ஒரு பங்கு.

உலகமயமாக்கலைப் பற்றிப் பேசும்போது 1991, தாராளமயம், இணையம் என்று தொடங்குவது நம் வழக்கம். நான் இந்த இரண்டு எண்களிலிருந்து தொடங்குவேன். டன்னுக்கு ஐந்தரை டாலருக்கு மேல் மிச்சமானது உண்மை. மிச்சமான பணம் எந்தப் பக்கம் போனது, அதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்து எழுதினால்தான் பேரேடு முழுமையாகும்.

பழைய முறையில் பணம் எங்கே கரைந்தது என்பதற்குத் துல்லியமான சான்று ஒன்று இருக்கிறது. 1954இல் 'வாரியர்' என்ற சரக்குக் கப்பல் நியூயார்க்கின் புரூக்ளினிலிருந்து ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபனுக்குப் போனது. அந்த ஒரு பயணத்தை ஆய்வாளர்கள் தொடக்கம் முதல் கடைசி வரை எண்ணிப் பதிவு செய்தார்கள். சரக்கு 5,015 டன். அது 1,94,582 தனித்தனி உருப்படிகளாக இருந்தது. அமெரிக்காவின் 151 ஊர்களிலிருந்து வந்து சேர்ந்தவை அவை: மரப்பெட்டி 74,903, அட்டைப்பெட்டி 71,726, மூட்டை 24,036 என்று பட்டியல் நீள்கிறது. சராசரியாக ஓர் உருப்படி 26 கிலோ. ஒவ்வொன்றையும் ஒரு மனிதன் தொட்டுத் தூக்கி, இடம் பார்த்து அடுக்கி, அசையாமல் கட்ட வேண்டும். கட்டுவதற்கான மரத்துக்கும் கயிற்றுக்கும் மட்டுமே 5,031 டாலர் செலவானது.

கடலில் கப்பல் ஓடியது பத்தரை நாள். புரூக்ளினில் ஏற்ற ஆறு நாள். பிரேமர்ஹாஃபனில் இரவு பகலாக இறக்க நான்கு நாள். அமெரிக்காவில் முதல் உருப்படி கிளம்பிய நாளிலிருந்து, ஐரோப்பாவில் கடைசி உருப்படி உரியவர் கைக்குப் போகும் வரை 95 நாள். மொத்தச் செலவு 2,37,577 டாலர், டன்னுக்கு 47 டாலர் சொச்சம். அதில் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடப்பதற்கான பங்கு வெறும் 11.5 சதவீதம். இரண்டு கரைகளிலும் துறைமுக வேலைக்குப் போனதோ 37 சதவீதம்.

கடல் ஒருபோதும் விலை உயர்ந்த பாதையாக இருக்கவில்லை. கரையில்தான் பணம் கரைந்தது. மெக்லீன் லாரி ஓட்டித் தொழிலுக்கு வந்தவர், கப்பல்காரர் அல்ல. லாரியின் கூண்டை அப்படியே கழற்றிக் கப்பலில் வைக்க அவருக்குத் தோன்றியதற்கு, கரையில் காத்துக் கிடந்த அனுபவம்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

அடுத்த பதினைந்து ஆண்டில் நடந்ததை ஒரு சிறு அட்டவணைக்குள் அடக்கலாம். ஐரோப்பியத் துறைமுகங்களை வைத்துச் செய்த ஒப்பீட்டில் 1965க்கும் 1970க்கும் இடையிலான மாற்றம் இது:

துறைமுகத் தொழிலாளி மணிக்குக் கையாண்ட சரக்கு: 1.7 டன்னிலிருந்து 30 டன்.
சரக்குக் காப்பீடு, ஆஸ்திரேலியா–ஐரோப்பா வழியில், டன்னுக்கு: 24 பென்ஸிலிருந்து 4 பென்ஸ்.
அதே வழியில் கப்பல் நின்று ஏற்றும் ஐரோப்பியத் துறைமுகங்கள்: 11லிருந்து 3.

முதல் வரியைத்தான் பொருளாதாரப் பாடங்கள் கொண்டாடுகின்றன. காப்பீடு குறைந்ததன் காரணம் எளிது: பூட்டி முத்திரையிட்ட பெட்டிக்குள் கை நுழையாது. மூன்றாவது வரியில்தான் நான் அதிக நேரம் நிற்கிறேன். பதினொரு துறைமுகங்களில் எட்டு அந்த வழியிலிருந்து கழிந்துபோயின. அந்த எட்டைச் சுற்றி மூட்டை சுமந்தவர்களும், கிட்டங்கி வைத்திருந்தவர்களும், தேநீர்க் கடை நடத்தியவர்களும் 'சேமிப்பு' என்ற தலைப்பின் கீழ்தான் காணாமல் போனார்கள்.

வணிகம் எவ்வளவு பெருகியது? 22 தொழில்வள நாடுகளின் கணக்கை எடுத்து ஆராய்ந்த ஓர் ஆய்வு 2013 வாக்கில் பேசப்பட்டது. இரண்டு நாடுகளும் கன்டெய்னருக்கு மாறியபின் அவற்றுக்கிடையேயான வணிகம் முதல் ஐந்து ஆண்டில் 320 சதவீதமும், இருபது ஆண்டில் 790 சதவீதமும் கூடியதாக அது மதிப்பிட்டது. இருதரப்பு வர்த்தக ஒப்பந்தத்துக்கு இருபது ஆண்டில் கிடைத்த பலன் 45 சதவீதம். மதிப்பீடு என்பதால் இதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் அமைச்சர்கள் கையெழுத்திட்ட காகிதத்தைவிட, மூலைக்கு மூலை பூட்டிக்கொள்ளும் ஓர் எஃகுப் பெட்டி அதிகம் சாதித்தது என்ற திசை தெளிவாகத் தெரிகிறது.

இனி பற்றுப் பக்கம். பிரிட்டனில் 1960களின் நடுவில் பதிவு பெற்ற துறைமுகத் தொழிலாளர்கள் 60,000 பேருக்கு மேல். 1989இல் அந்தப் பதிவுத் திட்டத்தையே அரசு கலைத்தபோது எஞ்சியவர்கள் சுமார் 9,400. லண்டனின் பழைய துறைகள் 1967இல் தொடங்கி 1981க்குள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. சரக்கு எங்கும் போய்விடவில்லை. பதிவுத் திட்டத்துக்கு வெளியே இருந்த ஃபீலிக்ஸ்டோ என்ற சிற்றூர், நாட்டின் மிகப்பெரிய கன்டெய்னர் துறைமுகமாக வளர்ந்தது.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் கணக்கு வேறு மாதிரி எழுதப்பட்டது. ஹாரி பிரிட்ஜஸ் தலைமையிலான துறைமுகத் தொழிலாளர் சங்கம், இயந்திரத்தைத் தடுக்க முடியாது என்ற முடிவுக்கு வந்தது. அப்படியானால் அதில் வரும் மிச்சத்தில் எங்களுக்குப் பங்கு வேண்டும் என்று பேச உட்கார்ந்தது. 1960இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி, கப்பல் நிறுவனங்கள் ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் வீதம் ஐந்தரை ஆண்டு நிதி செலுத்தின. முன்பே ஒதுக்கிய 15 லட்சத்தையும் சேர்த்து 2 கோடியே 90 லட்சம் டாலர். வேலையில் இருந்தவர்களை ஆட்குறைப்பு செய்வதில்லை என்ற உறுதியும், நீண்டநாள் உழைத்து ஓய்வு பெறுபவருக்கு மொத்தத் தொகையும் அதில் இருந்தன.

கன்டெய்னர் வரலாற்றில் நான் மிக மதிக்கும் எண் இந்த 2.9 கோடி டாலர்தான். நிறுவனங்கள் ஈட்டப்போவதோடு ஒப்பிட்டால் இது சிறு தொகை என்று அப்போதே சங்கத்துக்குள் குரல்கள் எழுந்தன. அந்த விமர்சனத்திலும் நியாயம் உண்டு. ஆனால் தொழில்நுட்பம் மிச்சப்படுத்திய பணத்தில், அந்தத் தொழில்நுட்பத்தால் வேலை இழப்பவனுக்கும் ஒரு பத்தி ஒதுக்க முடியும் என்பது அங்கே எழுத்தில் நிரூபிக்கப்பட்டது. லண்டனில் இல்லாத கருணை சான்பிரான்சிஸ்கோவில் இருந்தது என்று இதற்கு அர்த்தம் இல்லை. மாற்றம் முழுமையடைவதற்கு முன்பே, நிறுவனங்களுக்கு ஒத்துழைப்பு தேவைப்பட்ட நேரத்தில், தொழிலாளர்கள் மேசைக்கு வந்துவிட்டார்கள்.

நம் கடலோரத்துக்கு இந்தப் பெட்டி தாமதமாகத்தான் வந்தது. 1973 நவம்பரில் 'பிரசிடென்ட் டைலர்' என்ற கப்பல் கொச்சியில் இறக்கியதுதான் இந்தியா பார்த்த முதல் கன்டெய்னர். சென்னைத் துறைமுகத்தின் தனிக் கன்டெய்னர் முனையத்தை 1983 டிசம்பரில் இந்திரா காந்தி திறந்து வைத்தார். கொழும்பு 1980களிலேயே ஜெயா முனையத்தைக் கட்டி முந்திக்கொண்டது.

அந்த முந்தலின் பலன் இன்றும் தொடர்கிறது. தூத்துக்குடியில் ஏற்றும் பெட்டிகளில் பல, சிறிய ஃபீடர் கப்பலில் கொழும்புக்குப் போய், அங்கே தாய்க் கப்பலுக்கு மாறி ஐரோப்பா செல்கின்றன. இந்தியாவுக்கு வந்து போகும் மாற்றுக்கப்பல் சரக்கில் சுமார் 75 சதவீதம் வெளிநாட்டுத் துறைமுகங்களில் கையாளப்படுவதாகவும், அதில் கொழும்பின் பங்கு மட்டும் 45 சதவீதம் என்றும் இந்திய அரசே சொல்லியிருக்கிறது. இதை நாட்டுக்குள் செய்தால் துறைமுகங்களுக்கு ஆண்டுக்கு 20 முதல் 22 கோடி டாலர் மிச்சமாகும் என்பது அதே அரசின் மதிப்பீடு.

சரக்கு இன்னும் கொழும்பு வழியே போகக் காரணம் ஆழம். 1956இல் கப்பலில் 58 பெட்டி. 2023இல் வெளிவந்த 'எம்எஸ்சி ஐரினா'வின் கொள்ளளவு 20 அடிப் பெட்டிக் கணக்கில் 24,346. கிட்டத்தட்ட 400 மீட்டர் நீளம், 61 மீட்டர் அகலம். இத்தகைய கப்பல் முழுச் சுமையோடு வர 16 மீட்டருக்கும் மேல் ஆழம் வேண்டும். தூத்துக்குடி முனையங்கள் தோண்டித் தோண்டி எட்டியிருப்பது 14 மீட்டர் அளவு. தூத்துக்குடியின் தோணிகளுக்கு இந்த அளவெல்லாம் தேவைப்படவில்லை. தலைமுறை தலைமுறையாகக் கொழும்புக்குச் சரக்கு ஏற்றிய அந்த மரக்கலங்கள், சரக்கு பெட்டிக்குள் போனபின் அந்த வழியை இழந்தன. இப்போது பெரும்பாலும் மாலத்தீவை நம்பியிருக்கின்றன.

பெட்டியின் வாடகை ஏறினால் அது சாதாரணப் பொருளை எப்படித் தொடும் என்பதைக் கொரோனா காலம் காட்டியது. எட்டுப் பெரிய கிழக்கு–மேற்கு வழிகளின் சராசரியைக் கணக்கிடும் ட்ரூரி குறியீட்டின்படி, 40 அடிப் பெட்டிக்கு 2019இல் சராசரி 1,420 டாலர். 2021 செப்டம்பரில் அது 10,377 டாலர். ஒரு பெட்டியில் 30,000 பனியன் அடுக்குவதாக வைத்துக்கொள்வோம். டாலர் 70 ரூபாயாக இருந்த 2019இல் ஒரு பனியனுக்குக் கப்பல் செலவு 3 ரூபாய் 30 காசு. டாலர் 74 ஆன 2021இல் 25 ரூபாய் 60 காசு. துணிக்கு ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று பேரம் பேசி ஆர்டர் பிடிக்கும் தொழிலில் 22 ரூபாய் என்பது ஆளையே சாய்க்கும் வேறுபாடு. அதே ஆண்டு மார்ச்சில் 'எவர் கிவன்' என்ற கன்டெய்னர் கப்பல் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாள் நின்றபோது, வரிசையில் 369 கப்பல்கள் காத்திருந்தன. கப்பல் பெரிதாகப் பெரிதாக ஏற்றுகூலி குறைகிறது, ஒரு தவறின் விலை கூடுகிறது.

இப்போது விழிஞ்ஞம். கேரளத்தின் தென்கோடியில், சர்வதேசக் கப்பல் பாதையிலிருந்து சுமார் 10 கடல் மைல் தொலைவில், தோண்டாமலே 18 மீட்டருக்கு மேல் ஆழம் கொண்ட இடம். முதல் கட்டச் செலவு ஏறத்தாழ 8,900 கோடி ரூபாய். 2025 மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. ஜூனில் 'எம்எஸ்சி ஐரினா' வந்து நின்றது. கிரேன்களில் பல அறைக்குள் அமர்ந்து திரையைப் பார்த்து இயக்கப்படுபவை. கொழும்புக்குப் போகும் பணம் இங்கே திரும்புமானால் நல்லதுதான். அதை மனதார விரும்புகிறேன்.

2022இல் அதே கரையில் மீனவர்கள் நூறு நாளுக்கும் மேல் போராடினார்கள். கட்டுமானம் தொடங்கியபின் கடல் தங்கள் வீடுகளை அரிக்கிறது என்பது அவர்கள் குற்றச்சாட்டு; திட்டத் தரப்பு அதை மறுத்தது. 2024 அக்டோபரில் அமெரிக்கக் கிழக்குக் கரையின் தொழிலாளர்கள் மூன்றே நாள் வேலையை நிறுத்தி, ஆறு ஆண்டில் 62 சதவீத ஊதிய உயர்வைப் பெற்றார்கள். தானியங்கி இயந்திரங்களைப் பற்றிய பேச்சும் அதே மேசைக்கு வந்தது. விழிஞ்ஞத்துக் கடலோர மக்களுக்கும் தூத்துக்குடித் தோணிக்காரர்களுக்கும் கப்பலை நிறுத்தும் அந்தப் பலம் இல்லை.

ஆகவே பலத்தை எதிர்பார்க்காமல் கணக்கிலேயே எழுதிவிடலாம் என்பது என் கோரிக்கை. அரசு சொல்லும் 20 கோடி டாலர் மிச்சத்தில் இரண்டு சதவீதம் 40 லட்சம் டாலர். டாலருக்கு 85 ரூபாய் வைத்தால் ஆண்டுக்கு 34 கோடி ரூபாய். துறைமுகத்தின் ஆண்டறிக்கையில் கரை அரிப்புக்கும், வழி இழந்த மரக்கலங்களுக்கும், வேலை மாறுபவர்களின் பயிற்சிக்கும் என்று இதற்கு ஒரு தனி வரி வேண்டும். முதல் பெட்டி இறங்கிய ஆண்டிலிருந்தே.