மேசைக்கு அடியில் வைத்த பை

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் வெர்மாண்ட் என்று ஒரு சிறிய மாநிலம் இருக்கிறது. ஜனவரி மாதம் சனிக்கிழமை காலை எட்டரை மணிக்கு அங்குள்ள ஏதாவது ஒரு பனிச்சறுக்கு லாட்ஜுக்குள் நாம் நுழைகிறோம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் கண்ணில் படுவது பைகள்தான். நீள மேசைகளுக்கு அடியில், பெஞ்சுகளுக்குக் கீழே, சுவரோரமாக, ஜன்னல் திண்டில், எங்கு பார்த்தாலும் வயிறு புடைத்த பைகள். பக்கத்தில் கழற்றிப் போட்ட ஷூக்கள். உள்ளே மதியச் சாப்பாடு, மாற்றுத் துணி, சில பைகளில் பர்ஸும் கார் சாவியும்கூட. ஒன்பதரை மணிக்கெல்லாம் மேசைகள் காலி. ஆட்கள் அத்தனை பேரும் மலைமேல் போய்விட்டார்கள். பைகள் மட்டும் இருக்கின்றன, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல். அந்தப் பைகளுக்கு யார் பொறுப்பு? இன்னொரு டீ சொல்லிவிட்டு நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் லாட்ஜ் என்ற சொல்லைச் சரிசெய்துகொள்ள வேண்டும். நமக்கு லாட்ஜ் என்றால் ரூம் போட்டுத் தங்கும் இடம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பெயர்ப்பலகையோடு நிற்குமே, அது. பனிச்சறுக்கு மலையடிவாரத்தில் உள்ளதைப் பகல் லாட்ஜ் என்பார்கள். அதில் அறைகள் கிடையாது. ஒரு பெரிய கூடம், சாப்பாட்டுக் கவுன்ட்டர், கழிப்பறை, டிக்கெட் விற்கும் ஜன்னல், கணப்பு. கிட்டத்தட்ட ஒரு கல்யாண மண்டபத்தின் பந்தி ஹால் மாதிரி. யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம், எந்தப் பெஞ்சிலும் உட்காரலாம், எப்போது வேண்டுமானாலும் வெளியே போகலாம். இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்வோம், பிறகு உதவும்.

சரி, பையை ஏன் விட்டுவிட்டுப் போகிறார்கள்? கூடவே எடுத்துப்போனால் என்ன? இதற்கு விடை காலில் இருக்கிறது. பழைய காலத்துச் சறுக்கு பூட்ஸ் தோலால் ஆனது, அதைப் போட்டுக்கொண்டு ஓரளவு நடக்கலாம். 1960களில் அயோவா மாநிலத்தின் டுபியூக் நகரத்தில் பாப் லாங்கே என்பவர் பிளாஸ்டிக் பூட்ஸ் செய்து விற்க ஆரம்பித்தார். கணுக்காலை மாவுக்கட்டுப் போட்டது போல இறுக்கிப் பிடிக்கும் பூட்ஸ் அது. சறுக்குப் பலகை சொன்னபடி திரும்புவதற்கு அந்த இறுக்கம் தேவை. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு கார் ஓட்ட முடியாது, படியேறுவதே ஒரு பாடு. ஆகவே வீட்டிலிருந்து போட்டுவந்த ஷூவை எங்காவது கழற்றி வைத்தே தீர வேண்டும். ஷூ போன இடத்துக்குப் பையும் போகிறது.

இன்னொரு காரணம் வாழைப்பழத்தில் இருந்து வந்தது என்றால் ஆச்சரியமாக இருக்கும். முன்பெல்லாம் பனிமலையில் சறுக்க வேண்டுமென்றால் முதலில் ஏற வேண்டும். மூட்டையும் முதுகில்தான். 1936இல் ஐடஹோ மாநிலத்தின் சன் வேலியில் உலகின் முதல் சேர்லிஃப்ட் வந்தது. யூனியன் பசிபிக் ரயில்வேயின் பொறியாளர் ஜேம்ஸ் கர்ரன், கப்பலில் வாழைத்தார்களைக் கொக்கியில் மாட்டி ஏற்றும் சாதனத்தைப் பார்த்திருந்தவர். தாருக்குப் பதில் நாற்காலியைத் தொங்கவிட்டார், அவ்வளவுதான். பழனி ரோப் காரில் நாம் ஒரு கூண்டுக்குள் உட்காருகிறோம். இதில் கூண்டு இல்லை. திறந்த நாற்காலி பின்னாலிருந்து வந்து காலைத் தட்டும், உட்கார வேண்டும், மேலே போனதும் சட்டென்று எழுந்து சறுக்கி விலக வேண்டும். முதுகில் பை இருந்து அதன் வார் நாற்காலியில் சிக்கினால் ஆள் அந்தரத்தில் தொங்க நேரிடும். அதனால் பையைக் கழற்றி மடியில் வையுங்கள் என்று ஏறும் இடத்தில் எழுதியே வைத்திருப்பார்கள். ஒரு நாளில் பத்துப் பதினைந்து தடவை ஏறி இறங்குகிறவருக்குப் பெரிய பை கட்டுப்படியாகாது.

லாக்கர்கள் உண்டு. பல மலைகளில் பையை வாங்கி வைக்கும் கவுன்ட்டரும் உண்டு. ஆனால் அதற்குக் காசு, வரிசை. மேசைக்கு அடியில் வைப்பது இலவசம், தலைமுறை தலைமுறையாக வரும் பழக்கம். 2020-21 குளிர்காலத்தில் பெருந்தொற்று காரணமாகப் பல மலைகள் பைகளை உள்ளே கொண்டுவரவே தடை போட்டன. உங்கள் காரையே லாட்ஜாக வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். வண்டி நிறுத்துமிடத்தில், உறையும் குளிரில், கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பூட்ஸ் மாட்டிய அனுபவம் அந்த வருடம் பலருக்கும் வாய்த்தது.

இப்போது எல்லோருக்கும் வரும் ஒரு தவறான எண்ணத்துக்கு வருவோம். கட்டடம் அவர்களுடையது. நாம் டிக்கெட் வாங்கி உள்ளே வந்திருக்கிறோம். ஆகவே உள்ளே வைத்த பை தொலைந்தால் அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். நியாயமாகத்தானே தோன்றுகிறது? சட்டம் இதை வேறு மாதிரி பார்க்கிறது. வைப்பது ஒரு காரியம், ஒப்படைப்பது இன்னொரு காரியம் என்கிறது.

இது நமக்குப் புதிதல்ல, கோயில் வாசலில் தினமும் செய்வதுதான். செருப்பைப் படிக்கட்டு ஓரம் கழற்றிவிட்டுப் போகலாம். அல்லது செருப்பு பார்த்துக்கொள்ளும் ஆளிடம் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்ளலாம். இரண்டுமே கோயிலின் இடம்தான். ஆனால் திரும்பி வரும்போது படிக்கட்டுச் செருப்பைக் காணோம் என்றால் யாரிடம் போய்க் கேட்போம்? டோக்கன் செருப்பு என்றால் கேட்க ஓர் ஆள் இருக்கிறார். என்ன வித்தியாசம்? டோக்கன் கொடுத்தவர் செருப்பைக் கையில் வாங்கினார், வைத்துக்கொள்கிறேன் என்று ஒப்புக்கொண்டார், டோக்கன் இல்லாமல் யார் கேட்டாலும் தரமாட்டார். படிக்கட்டுச் செருப்பை யாரும் வாங்கவில்லை, அது அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாது.

இப்படி வாங்கிவைத்துத் திருப்பித் தரும் உறவுக்கு ஆங்கிலச் சட்டத்தில் பெயில்மென்ட் என்று பெயர். சைக்கிள் ஸ்டாண்டில் விட்ட சைக்கிள், தையற்கடையில் கொடுத்த துணி, இஸ்திரிக்குப் போட்ட வேட்டி எல்லாம் அந்த வகை. பொருள் கைமாற வேண்டும், வாங்குகிறவர் சம்மதிக்க வேண்டும். லாட்ஜின் பை கவுன்ட்டரில் இரண்டும் நடக்கின்றன. மேசைக்கு அடியில் இரண்டுமே நடக்கவில்லை. அந்தப் பையில் என்ன இருக்கிறது, யாருடையது, எப்போது வந்தது என்று லாட்ஜ்காரருக்கு எதுவும் தெரியாது. யாரோ ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு நடந்தால், சொந்தக்காரர்தான் எடுத்துப் போகிறார் என்று நினைப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

நம் குழப்பத்துக்கு ஒரு பழைய நியாயமும் உண்டு. இங்கிலாந்தில் வழிப்போக்கர் தங்கும் சத்திரக்காரருக்குச் சட்டம் பெரிய சுமையை வைத்திருந்தது. 1584ஆம் ஆண்டு கேலி என்பவர் பெயரில் வந்த வழக்கு அதை விரித்துச் சொன்னது: தங்கும் விருந்தினரின் பொருள் சத்திரத்துக்குள் திருட்டுப் போனால் சத்திரக்காரர்தான் ஈடுசெய்ய வேண்டும். இருட்டில் தெரியாத ஊரில் இறங்கும் பயணிக்கு வேறு போக்கிடம் இல்லை என்பதால் இந்தப் பாதுகாப்பு. பின்னால் வந்த சட்டங்கள் அதற்கு உச்சவரம்பு வைத்தன. நம் பகல் லாட்ஜில் யாரும் தங்குவதில்லை. பெயரில் லாட்ஜ் இருந்தாலும் சத்திரச் சட்டம் அங்கே வருவதில்லை.

அப்படியானால் சுவரில் தொங்கும் ‘தொலைந்த பொருளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ பலகை எதற்கு? மேசையடிப் பையைப் பொறுத்தவரை அந்தப் பலகை ஏற்கெனவே உள்ள நிலையைத்தான் சொல்கிறது. கவுன்ட்டரில் கொடுத்த பை விஷயத்தில்தான் கதை சுவாரஸ்யமாகிறது. லண்டன் சேரிங் கிராஸ் ரயில் நிலையத்தில் பார்க்கர் என்பவர் இரண்டு பென்ஸ் கொடுத்துப் பையை ஒப்படைத்தார். சீட்டின் முன்பக்கம் ‘பின்பக்கம் பார்க்க’ என்று இருந்தது. பின்பக்கம், பத்து பவுண்டுக்கு மேல் மதிப்புள்ள பொருளுக்கு ரயில்வே பொறுப்பல்ல என்று இருந்தது. பை தொலைந்தது, மதிப்பு 24 பவுண்டு 10 ஷில்லிங். அவர் சீட்டைப் படிக்கவில்லை என்றார். 1877இல் மேல்முறையீட்டு நீதிபதிகள், படித்தாரா இல்லையா என்பதோடு விஷயம் முடியாது, படிக்கிறவர் கண்ணில் படும்படி ரயில்வே நியாயமான அளவுக்கு அறிவித்ததா என்று ஜூரியைக் கேட்க வேண்டும் என்று சொல்லி, வழக்கை மறுபடி விசாரிக்க அனுப்பினார்கள். ஆகவே கவுன்ட்டர் சீட்டை ஒரு தடவை திருப்பிப் பார்ப்பது வீண் வேலை இல்லை. காப்பீட்டுப் பத்திரத்திலும் இப்படித்தான். பல பயணக் காப்பீடுகளில், கவனிப்பாரின்றி விட்ட பொருளுக்கு ஈடு கிடையாது என்று ஒரு வரி இருக்கும். மேசையடிப் பை நேராக அந்த வரிக்குள் போய் விழும்.

வாசலில் ஸ்டாண்டுகளில் சாத்திவைக்கும் சறுக்குப் பலகைகளின் கதை கொஞ்சம் வேறு. சாப்பாட்டு நேரத்தில் அங்கே நூற்றுக்கணக்கில் நிற்கும். வாடகைப் பலகைகள் ஒரே நிறம், ஒரே மாதிரி. காணாமல் போனதெல்லாம் திருட்டு இல்லை. பசியோடும் குளிரோடும் வந்த யாரோ தன்னுடையது என்று நினைத்து எடுத்துப் போயிருக்கலாம், கோயில் வாசலில் செருப்பு மாறுவது போல. பழகியவர்கள் ஜோடியைப் பிரித்து, ஒன்றை இந்தக் கோடியிலும் மற்றதை அந்தக் கோடியிலும் வைப்பார்கள். ஒற்றைப் பலகையை யாரும் தவறுதலாகவும் எடுப்பதில்லை, வேண்டுமென்றும் எடுப்பதில்லை. பலகையில் பொறித்திருக்கும் வரிசை எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொண்டால் போலீசில் சொல்லும்போது அதற்கு ஓர் அடையாளம் இருக்கும்.

சட்டம் கைவிட்ட அந்த மேசையடிப் பைக்கு வேறு துணையே இல்லையா என்றால், இருக்கிறது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். 1975இல் தாமஸ் மொரியார்ட்டி என்ற உளவியலாளர் நியூயார்க் பக்கத்துக் கடற்கரையில் செய்த சோதனையை வெளியிட்டார். ஒருவர் துண்டை விரித்து, ரேடியோவைப் பாட விட்டுவிட்டு எழுந்து போவார். சற்று நேரத்தில் திருடனாக நடிப்பவர் வந்து ரேடியோவை எடுத்துக்கொண்டு நடப்பார். ரேடியோக்காரர் எழுந்து போகும் முன் பக்கத்தில் இருந்தவரிடம் தீப்பெட்டி இருக்கிறதா என்று மட்டும் கேட்டிருந்தால், ஐந்தில் ஒருவர்தான் திருடனைத் தடுத்தார். ‘இதைக் கொஞ்சம் பார்த்துக்கொள்கிறீர்களா’ என்று கேட்டிருந்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் எழுந்து போய் மறித்தார்கள். அதே கடற்கரை, அதே மாதிரி மனிதர்கள். கூட்டம் இருக்கிறதே, நாலு பேர் பார்ப்பார்களே என்று நாம் நம்புகிறோம். அந்த நாலு பேரும் பார்க்கத்தான் செய்கிறார்கள். எது யாருடையது என்று அவர்களுக்குத் தெரியாது, தலையிட நமக்கென்ன உரிமை என்று தயங்குகிறார்கள். கேட்டவுடன் தயக்கம் போய்விடுகிறது. பஸ் ஸ்டாண்டில் ‘அக்கா, பையப் பாத்துக்குங்க, டிக்கெட் விசாரிச்சிட்டு வந்துர்றேன்’ என்கிறோமே, அதுவும் ஓர் ஒப்படைப்புதான்.

மாலை நான்கு மணிக்கு லிஃப்ட் நிற்கும். ஆட்கள் வந்து பூட்ஸைக் கழற்றி, கால்விரல்களை நீட்டி மடக்கி, பைகளை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். கடைசியில் ஒரு பை மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். யாரோ மறந்துவிட்டார். இதற்கும் ஒரு பழைய வழக்கு உண்டு. மாசசூசெட்ஸில் ஒரு முடிதிருத்தும் கடை மேசையில் வாடிக்கையாளர் ஒருவர் பர்ஸை மறந்துவிட்டுப் போனார். இன்னொரு வாடிக்கையாளர் அதைப் பார்த்து எடுத்தார். கண்டெடுத்தவருக்கா, கடைக்காரருக்கா என்று வழக்கு. வழியில் விழுந்த பொருள் வேறு, வைத்துவிட்டு மறந்த பொருள் வேறு, மறந்தவர் தேடிக்கொண்டு இங்கேதான் வருவார், ஆகவே கடைக்காரர் அதைப் பத்திரமாக வைத்திருக்கட்டும் என்று 1866இல் நீதிமன்றம் சொன்னது. காலையில் யாருக்கும் பொறுப்பில்லாமல் கிடந்த அதே பையை, கூட்டிப் பெருக்க வந்த பணியாளர் குனிந்து எடுத்து, தேதி எழுதி, கவுன்ட்டருக்குப் பின்னால் அலமாரியில் வைக்கிறார். இப்போது அது லாட்ஜின் பொறுப்பு.