பாட்டு யார் பக்கம்?

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை)



ராப் என்றால் மூச்சு விடாமல் பேசிக்கொண்டே பாடுவது, தொளதொள சட்டை, பின்பக்கமாகத் திருப்பிப் போட்ட தொப்பி, இவ்வளவுதான் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஹாஸ்டலில் ராத்திரி பத்து மணிக்கு மேல் அலறுவது அதுதான் என்பதால் வார்டன்களுக்கு அதன் மேல் கோபம். ஆனால் அரசியல்வாதிகளுக்கோ இப்போது அதன் மேல் தனிப் பாசம். எந்தப் பாட்டு அவர்களைத் திட்டி எழுதப்பட்டதோ, அதே பாட்டையே "பாருங்கள், இது எங்கள் கருத்தைத்தான் சொல்கிறது" என்று மேடையில் போடுகிறார்கள். இது எப்படி நடக்கிறது, கேட்கிற நாம் என்ன செய்யலாம் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

பிறந்த இடம்

1973 ஆகஸ்ட் 11. நியூயார்க் நகரின் பிராங்க்ஸ் பகுதியில், செட்ஜ்விக் அவென்யூ 1520-ஆம் எண் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு சின்ன விருந்து. பள்ளி திறக்கிற நேரம், புதுத் துணி வாங்கப் பணம் சேர்க்க ஒரு பெண் ஏற்பாடு செய்தது. பாட்டு போட்டவர் அவருடைய அண்ணன், ஜமைக்காவிலிருந்து வந்த டி.ஜே. கூல் ஹெர்க். ஹிப்-ஹாப் பிறந்த நாள் என்று இன்றைக்கும் கொண்டாடுவது இந்த நாளைத்தான். அன்றைய பிராங்க்ஸ் தீப்பிடித்து எரிந்த கட்டிடங்களும் வேலையில்லாத இளைஞர்களும் நிறைந்த பகுதி.

1982-ல் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் குழுவின் 'த மெசேஜ்' அந்தத் தெருவின் வாழ்க்கையையே பாட்டாக்கியது. 1989-ல் பப்ளிக் எனிமி குழு ஸ்பைக் லீயின் படத்துக்காக 'ஃபைட் த பவர்' பாடியது. என்.டபிள்யூ.ஏ. குழு போலீஸ் அராஜகத்தை எதிர்த்துப் பாடிய பாட்டுக்காக, 1989-ல் எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவரே அவர்களின் இசைக் கம்பெனிக்குக் கண்டனக் கடிதம் எழுதினார். மேடையும் மைக்கும் பத்திரிகையும் இல்லாதவர்கள் தாங்களே ஏற்படுத்திக்கொண்ட மைக்தான் ராப்.

வெறுத்தவர்கள் விரும்பியவர்கள் ஆனார்கள்

முதலில் அரசியல்வாதிகள் ராப்பைத் திட்டித்தான் ஓட்டு கேட்டார்கள். 1992 தேர்தலில் பில் கிளிண்டன், சிஸ்டர் சோல்ஜா என்ற ராப் பாடகியை ஒரு கூட்டத்தில் வெளிப்படையாகக் கண்டித்தார். இருபதே வருஷத்தில் காற்று மாறிவிட்டது. 2012-ல் குடியரசுக் கட்சி செனட்டர் மார்கோ ரூபியோ, தனக்குப் பிடித்த ராப் பாட்டுகளைக் கேட்டபோது, எஃப்.பி.ஐ. கடிதம் வாங்கிய அதே என்.டபிள்யூ.ஏ. குழுவின் பாட்டையும் சொன்னார்.

ஒரு பாட்டைப் பிடிக்கும் என்று சொல்வது தப்பில்லை. அதைத் தன் கட்சிக்குச் சாட்சியாக நிறுத்தும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

அதே 2012-ல் துணை அதிபர் வேட்பாளராக நின்ற பால் ரயனுக்கு, ராக்கும் ராப்பும் கலந்து பாடும் 'ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின்' குழு பிடிக்கும் என்று செய்தி வந்தது. அக்குழுவின் கிதார் கலைஞர் டாம் மொரெல்லோ உடனே பத்திரிகையில் எழுதினார்: எங்கள் இசை எந்த இயந்திரத்தை எதிர்க்கிறதோ, அந்த இயந்திரத்தின் உருவமே ரயன்தான் என்று. இசை பிடிக்கும், வரிகள் பிடிக்காது என்பது ரயன் தரப்பு. சாம்பாரைக் கொட்டிவிட்டுக் கிண்ணத்தை மட்டும் வைத்துக்கொண்ட மாதிரி!

2020 நவம்பரில் ஓட்டு எண்ணிக்கை நடந்த நாட்களில், பிலடெல்பியா தெருவில் டிரம்ப் ஆதரவாளர்கள் போலீஸ் ஆதரவுக் கொடியோடு இதே குழுவின் 'கில்லிங் இன் த நேம்' பாட்டுக்கு ஆடினார்கள். 1992-ல் வந்த அந்தப் பாட்டே போலீஸ் வன்முறையை எதிர்த்து எழுதப்பட்டதுதான்.

2023 ஆகஸ்டில் இன்னொன்று. அதிபர் வேட்பாளர் போட்டியில் இருந்த விவேக் ராமசாமி, பாலக்காட்டுப் பக்கமிருந்து அமெரிக்கா போன பெற்றோரின் மகன். பெரிய தொழிலதிபர். அயோவா கண்காட்சி மேடையில் எமினெமின் 'லூஸ் யுவர்செல்ஃப்' பாட்டைத் தானே பாடிக் காட்டினார். டெட்ராய்ட் தொழிலாளி வீட்டுப் பையனின் கதையைச் சொல்லும் '8 மைல்' படத்துப் பாட்டு அது. அந்த மாதமே பி.எம்.ஐ. என்ற பாடல் உரிமை அமைப்பிடமிருந்து கடிதம் வந்தது: எமினெம் ஆட்சேபிக்கிறார், இனிமேல் அவர் பாட்டுகளைப் பயன்படுத்தக் கூடாது என்று.

2024-ல் ஒரே பாட்டுக்கு இரண்டு கட்சி. கென்ட்ரிக் லாமர் ராப் பாடிய பியான்சேயின் 'ஃப்ரீடம்' பாட்டை அனுமதி வாங்கிப் பயன்படுத்தினார் கமலா ஹாரிஸ். ஆகஸ்டில் டிரம்ப் தரப்பு செய்தித் தொடர்பாளர் அதே பாட்டோடு டிரம்ப் விமானத்திலிருந்து இறங்கும் வீடியோவைப் போட்டார். பாடகியின் இசைக் கம்பெனி எச்சரித்தது. வீடியோ காணாமல் போனது.

நம் நாட்டுக் கதை: கோடிட்ட இடத்தை நிரப்புக

இதையெல்லாம் விட எனக்கு அதிகம் யோசனை தந்தது 'ஆசாதி' கதை. ஆசாதி என்றால் விடுதலை. பாகிஸ்தான் பெண்கள் எழுப்பிய முழக்கத்தைக் கேட்டு, அதை இந்தியாவுக்குக் கொண்டு வந்தவர் பெண்ணுரிமைப் போராளி கமலா பசின். 2016-ல் டெல்லி ஜே.என்.யு. மாணவர் தலைவராக இருந்த கன்னையா குமார், சிறையிலிருந்து ஜாமீனில் வந்த இரவில் இதே முழக்கத்தை எழுப்ப, நாடே கேட்டது. டப் சர்மா என்ற இசையமைப்பாளர் அந்த முழக்கத்தை வைத்து அந்த வருஷமே ஒரு பாட்டு செய்தார். 2019 பிப்ரவரியில் வந்த 'கல்லி பாய்' இந்திப் படத்தில் ராப் பாடகர் டிவைன் சேர்ந்து அது மறுபடி வந்தது. 2016-ல் இருந்த சில கூர்மையான சொற்கள் படத்தில் இல்லை.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. அந்த ஆண்டு மக்களவைத் தேர்தலுக்கு முன்னால் பா.ஜ.க.வும் அந்தப் பாட்டின் மெட்டில் வீடியோ போட்டது, காங்கிரசும் போட்டது. ஒருவருக்கு அவர் ஆட்சியிலிருந்து விடுதலை, மற்றவருக்கு இவர் ஆட்சியிலிருந்து விடுதலை!

பரீட்சையில் 'கோடிட்ட இடத்தை நிரப்புக' வரும் இல்லையா, அதே மாதிரிதான். "எதிலிருந்து விடுதலை?" என்ற இடம் காலியாக இருந்தால் யார் வேண்டுமானாலும் தன் எதிரியின் பெயரை எழுதிக்கொள்ளலாம். படம் எடுத்தவர்கள் முனையை மழுக்கினார்கள். கட்சிக்காரர்கள் மழுங்கிய முனையில் தங்களுக்கு வேண்டிய பிடியைப் போட்டுக்கொண்டார்கள்.

ஏன் இப்படி?

யோசித்துப் பார்த்ததில் எனக்கு மூன்று காரணம் படுகிறது.

ஒன்று, நாம் பல்லவியைக் கேட்கிறோம், சரணத்தைக் கேட்பதில்லை. இதற்குப் பழைய உதாரணம் ராப்பே அல்ல. 1984-ல் அதிபர் ரீகன் நியூஜெர்சிக் கூட்டத்தில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் பாட்டுகள் நம்பிக்கை தருவதாகப் புகழ்ந்தார். அப்போது ஓடிக்கொண்டிருந்த 'பார்ன் இன் த யு.எஸ்.ஏ.' பாட்டின் பல்லவி தேசப் பெருமை மாதிரி கேட்கும். சரணத்தில் இருப்பதோ, வியட்நாம் போரிலிருந்து திரும்பி வேலை கிடைக்காமல் அலையும் ஒருவனின் கதை.

இரண்டு, கோபம் எந்த வண்டிக்கும் ஊற்றக்கூடிய டீசல். எதிர்க்கட்சியில் இருக்கிற எல்லாருமே அதிகாரத்தை எதிர்ப்பவர்கள்தான். ஆட்சிக்கு வந்த பிறகு அந்த அதிகாரம் யார் என்று மட்டும் கேட்கக் கூடாது.

மூன்று, நம் ஓட்டு. பதினெட்டு வயசு ஆனவர்களிடம் அறிக்கை கொடுத்தால் படிக்க மாட்டார்கள், பாட்டுப் போட்டால் நிற்பார்கள் என்று அவர்களுக்குத் தெரியும்.

எதற்குச் சாட்சி?

எங்க வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பா செங்கல் சூளையில் வேலை. போன வருஷம் எங்க பக்கத்தில் நடந்த ஒரு விழாவுக்கு என்னைப் போன்ற ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மேடையில் பேசியவர் எங்களை எழுந்து நிற்கச் சொல்லி, "எங்கள் சாதனைக்கு இந்தப் பிள்ளைகளே சாட்சி" என்றார். கைதட்டல் பலமாக இருந்தது. எதற்குச் சாட்சி என்று எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை. முதல் வருஷ ஃபீசுக்கு அம்மா தோட்டை அடகு வைத்ததும், அது இன்னும் மீளாமல் கடையில் கிடப்பதும் அந்தச் சாட்சியத்தில் வரவில்லை.

ராப் பாடகர்களுக்கும் இதுதான் நடக்கிறது. கூண்டில் ஏற்றுகிறார்கள், வாயைத் திறக்க விடுவதில்லை. அதனால்தான் இதை வெறும் சினிமாச் செய்தி மாதிரி என்னால் படிக்க முடியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

கூட்டத்தில் பாட்டுப் போட ஒரு அனுமதி, வீடியோவில் சேர்க்க வேறு அனுமதி. அமெரிக்காவில் ஆஸ்கேப், பி.எம்.ஐ. போன்ற அமைப்புகள் லட்சக்கணக்கான பாடல்களுக்கு மொத்தமாக அனுமதி தருகின்றன. ஆனால் அரசியல் பிரசாரத்துக்கு என்று தரும் அனுமதியிலிருந்து, எழுதியவர் ஆட்சேபித்தால் அவர் பாட்டை நீக்கிவிடலாம். எமினெம் பயன்படுத்தியது இந்த வழியைத்தான். நம் நாட்டில் 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 57-ஆவது பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பிறகும், தன் படைப்பைச் சிதைத்துத் தன் மதிப்பைக் கெடுத்தால் எதிர்க்கும் உரிமையைப் படைப்பாளிக்குத் தருகிறது.

ஆனால் ஒன்று. பாட்டு யாருடையது என்று கோர்ட் சொல்லும். பாட்டுக்கு என்ன அர்த்தம் என்று கோர்ட் வந்து நமக்குச் சொல்லித் தராது. அது கேட்பவர் வேலை.

ராப்பும் கடன்தானே?

ஒரு நண்பன் கேட்டான்: "ராப்காரனே அடுத்தவன் ரெக்கார்டிலிருந்து துண்டு வெட்டி ஒட்டித்தானே பாட்டு பண்றான்? அரசியல்வாதி எடுத்தா மட்டும் தப்பா?" நல்ல கேள்வி. 'ஃபைட் த பவர்' என்ற தலைப்பே 1975-ல் ஐஸ்லி பிரதர்ஸ் பாடிய பாட்டிலிருந்து வந்ததுதான். ஆனால் அங்கே பழைய பாட்டு கேட்ட கேள்வியைப் புதுப் பாட்டு இன்னும் உரக்கக் கேட்டது. கேள்வி போன திசை ஒன்றே. அரசியல் மேடையில் அது கேள்வி கேட்டவன் பக்கமே திரும்பிவிடுகிறது. லேத்தில் ஜாப்பை மாற்றிக் கட்டலாம், டூலை ஆள் பக்கம் திருப்பி வைத்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா?

தமிழ்நாட்டுக்கும் இது புதிதில்லை. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் கம்யூனிஸ்ட் இயக்கத்துக்காரர். 1959-ல் 29 வயதிலேயே மறைந்தார். எம்.ஜி.ஆர். படங்களுக்கு அவர் எழுதிய பாட்டுகள் வேறு கட்சிகளின் மேடைகளில் பல வருஷம் ஒலித்தன. உழைப்பவனைப் பற்றிய அந்த வரிகள் பரவியது நல்லதுதான். எழுதியவர் எதை நம்பி எழுதினார் என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் இன்னும் நல்லது.

நாம் கேட்க வேண்டியவை

நண்பர்களே, நம்மில் பலர் அடுத்த தேர்தலில் முதல் ஓட்டுப் போடப் போகிறோம். மேடையில் ராப் ஒலித்தால் ஆடலாம், தப்பில்லை. ஆடி முடித்து மூன்று கேள்வி கேட்போம்.

1. பல்லவி கேட்டாச்சு, சரணம் என்ன சொல்கிறது?

2. எழுதியவர் சம்மதித்தாரா? சம்மதிக்கவில்லை என்றால் ஏன்?

3. பாட்டு யாரைப் பார்த்துக் கேள்வி கேட்டதோ, அந்த நாற்காலியில் இப்போது யார் உட்கார்ந்திருக்கிறார்?

நம் மாணவர் பேரவைத் தேர்தலிலும் இரண்டு அணியும் ராப் போட்டுத்தான் ஓட்டுக் கேட்கிறோம். அதில் வரும் கோபம் நிஜம் என்றால், ஜெயித்த அணியின் மேஜை மேல் குடிதண்ணீர்க் குழாய் மனுவும், லேபில் ஓடாத மெஷின்களின் பட்டியலும் முதலில் இருக்க வேண்டும். அந்தப் பாட்டைப் போட நமக்கு என்ன தகுதி என்று அடுத்த வருஷம் யாராவது கேட்டால், அந்த மேஜையைக் காட்டிப் பதில் சொல்ல முடிய வேண்டும்.