தேரூர்க் குளத்துக்கு இரண்டு உரிமைக்காரர்கள்

கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை பிறந்த தேரூரில், குளத்துத் தண்ணீருக்கு உரிமை கொண்டாடுபவர்கள் இரண்டு தரப்பு: வயல்காரர்கள், பறவைகள்.

தேரூர் அமைந்த நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என்று நெல் இரு போகம். எந்த மடையை எப்போது திறப்பது, கால்வாயை யார் தூர்வாருவது என்பதைப் பேசித் தீர்த்தாக வேண்டும். இதற்காகவே தமிழகத்தில் 2000ஆம் ஆண்டு பாசன மேலாண்மைச் சட்டம் வந்தது. ஆயக்கட்டில், அதாவது பாசனம் பெறும் பரப்பில், நிலம் வைத்திருப்பவர்களே வாக்களித்து, நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்துக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அணையும் பெரிய கால்வாய்களும் அரசின் பொறுப்பு.

2022இல் சுசீந்திரம், தேரூர் குளங்கள் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பிடித்தன. பரப்பு சுமார் 94 ஹெக்டேர். கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் இரை தேடும் இந்த நீரில் வயலுக்கு எவ்வளவு, பறவைக்கு எவ்வளவு என்ற கணக்கையும் இனி ஊர் பார்க்க வேண்டியிருக்கிறது.