மணற்பாறை எண்ணெய்ப் படுகைகளில் பலபடி அடைப்பும் அதன் நீக்கமும்

ஆய்வுச் சுருக்கம்

எஞ்சிய எண்ணெயை வெளிக்கொணரச் செலுத்தப்படும் பலபடிக் கரைசலே சில வேளைகளில் பாறையின் நுண்துளைகளை அடைத்துவிடுகிறது. இவ்வடைப்பின் வகைகளையும், நீக்கும் முறைகளையும், அவற்றின் வரம்புகளையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: பலபடி, மணற்பாறை, ஊடுருவுதிறன், ஆக்சிஜனேற்றி, மங்களா எண்ணெய் வயல்.

முன்னுரை

இராசஸ்தானின் பார்மர் மாவட்டத்தில் 2004-இல் கண்டறியப்பட்ட மங்களா எண்ணெய் வயலில் 2009-இல் உற்பத்தி தொடங்கியது. அங்குள்ள ஃபதேகர் மணற்பாறை மிகுந்த ஊடுருவுதிறன் உடையது. எனினும் அதிலுள்ள எண்ணெய் மெழுகு மிகுந்தது. நீரினும் பாகுநிலை கூடியது. வெறும் நீரைச் செலுத்தினால் அது எண்ணெயைச் சீராகத் தள்ளாது, ஊடே புகுந்து முந்திச் செல்லும். இதனைத் தவிர்க்க, நீராற்பகுக்கப்பட்ட பாலிஅக்ரிலமைடு என்னும் பலபடியைக் கரைத்து நீரின் பாகுநிலையை உயர்த்துவர். மங்களாவில் 2011-இல் சோதனை அளவில் தொடங்கிய இம்முறை பின்னர் வயல் முழுமைக்கும் விரிவுபடுத்தப்பட்டது. குசராத்தின் சானந்த், சீனாவின் டாச்சிங் வயல்களில் இது முன்னரே கையாளப்பட்டுள்ளது.

அடைப்பின் வகைகள்

முதலாவது, கரையாக் கட்டிகள். கொதிநீரில் கேழ்வரகு மாவைக் கொட்டினால் கட்டி தட்டுவதுபோல, பலபடித் தூளின் வெளிப்புறம் மட்டும் ஊறி, உட்புறம் உலர்ந்தே நிற்கும். இவை கிணற்றின் முகப்பிலேயே படிகின்றன. இரண்டாவது, பரப்புக் கவர்தலும் சிக்குதலும். நெடிய சங்கிலிகள் மணல், களிமண் பரப்புகளில் ஒட்டியும் குறுகிய துளைவாய்களில் சிக்கியும் நிற்கின்றன. மூன்றாவது, கூட்டு அடைப்பு. குழாய் அரிப்பால் வரும் இரும்பு அயனிகள் சங்கிலிகளைப் பிணைத்துக் கூழ்மமாக்க, அதில் மெழுகும் களிமண் துகளும் சேர்ந்துகொள்கின்றன.

கிணற்றருகு மண்டலத்தின் முதன்மை

கிணற்றின் ஆரம் 0.1 மீட்டர், பாய்வு எல்லை 100 மீட்டர் எனக் கொள்வோம். ஆரைவழிப் பாய்வில் அழுத்த இழப்பு தொலைவு விகிதத்தின் மடக்கையைச் சார்ந்தது. எனவே 1 மீட்டர் ஆரத்துக்குள்ளேயே மொத்த இழப்பில் மூன்றில் ஒரு பங்கு நிகழ்கிறது. அப்பகுதியின் ஊடுருவுதிறன் பத்தில் ஒன்றாகக் குறைந்தால், மொத்தத் தடை நான்கு மடங்காகும். அதே அழுத்தத்தில் செலுத்தும் அளவு கால் பங்காகச் சுருங்கும். சிறு பகுதியைத் தூய்மை செய்வதே பெரும்பயன் தரும் என்பதும் இதனாற் பெறப்படும்.

நீக்கும் முறைகளும் வரம்புகளும்

பாலிஅக்ரிலமைடின் முதுகெலும்பு கார்பன்–கார்பன் பிணைப்பாலானது. அமிலம் அச்சங்கிலியைச் சுருக்குமேயன்றி எளிதில் அறுக்காது. கொத்தவரை விதைப் பசையால் ஆன முறிவுக் கூழ்மத்தைச் சிதைக்கும் நொதிகள் சர்க்கரை அலகுகளுக்கு இடையிலான பிணைப்புகளையே துண்டிப்பவை. ஆதலால் இங்கு அவை உதவா. எனவே சோடியம் ஹைப்போகுளோரைட், ஹைட்ரஜன் பெராக்சைடு, குளோரின் டை ஆக்சைடு முதலிய ஆக்சிஜனேற்றிகள் கையாளப்படுகின்றன. இவை சங்கிலியைச் சிறு துண்டுகளாக்கி, பாகுநிலையைக் குறைக்கின்றன.

கூட்டு அடைப்பில் ஆக்சிஜனேற்றி மட்டும் போதாது. மெழுகுறை பலபடியை மூடியிருப்பின் கரைப்பானால் அதனை முதலில் அகற்றுதல் வேண்டும். இரும்புப் படிவுக்கு இறுதியில் அமிலம் தேவைப்படும். ஆனால் ஹைப்போகுளோரைட்டும் அமிலமும் கலந்தால் நச்சுக் குளோரின் வளி வெளிப்படும். ஆதலால் இடையே நீர் செலுத்திப் பிரிப்பது இன்றியமையாதது. ஹைட்ரஜன் பெராக்சைடு இரும்பின் முன்னிலையில் விரைந்து சிதைந்து ஆக்சிஜனை வெளியிடும்; எண்ணெய்க் கிணற்றில் இது தீ விபத்துக்கு வழிவகுக்கும். களிமண்ணைக் கரைக்க ஹைட்ரோபுளூரிக் அமிலத்தை மிகையாகச் செலுத்தினால், சோடியம், பொட்டாசியம் அயனிகளுடன் கரையாப் படிவுகள் தோன்றிப் புதிய அடைப்பாகும்.

முடிவுரை

அடைப்பின் இயல்பை அறியாது மருந்தைத் தெரிவு செய்வது பாறைக்கும் பணியாளர்க்கும் ஒருங்கே கேடாகும். கிணற்றிலிருந்து மீட்ட படிவை ஆய்வகத்தில் பகுத்து, அதிலுள்ள பலபடி, மெழுகு, இரும்பு, களிமண் ஆகியவற்றின் பங்கை அறிந்த பின்னரே நீக்கும் வரிசை வகுக்கப்பட வேண்டும். கரைக்கும் நிலையில் தூளை முழுமையாக ஊறவைத்து வடிகட்டுதலும், நீரில் இரும்பைக் கட்டுப்படுத்துதலும் அடைப்பை முளையிலேயே தவிர்க்கும் வழிகளாம்.