முதுகுப்பையோடு ஆப்பிரிக்காவின் தெற்கே: கிள்ளான் பள்ளத்தாக்கு இளைஞருக்கு ஒரு வழிகாட்டி

பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ உள்ள ஒரு வீட்டில், "ஆப்பிரிக்காவுக்குத் தனியாகப் போகிறேன்" என்று பிள்ளை சொன்னால், அம்மா கேட்கும் முதல் கேள்வி "அங்கே யாரு இருக்கா?" என்பதுதான். பதில் அவருக்கே வியப்பளிக்கும். அங்கே இலட்சக்கணக்கில் தமிழ் வம்சாவளியினர் இருக்கிறார்கள். மலேசியக் கடப்பிதழுக்கு அந்த வட்டாரத்தின் பெரும்பாலான நாடுகளில் விசா தேவையில்லை. ஆங்கிலம் எங்கும் உதவும், வாகனங்கள் நம் ஊரைப் போலவே இடப்பக்கம் ஓடுகின்றன. கவனம் வேண்டியவை வேறு: தூரம், பருவம், மலேரியா, இரவுப் பாதுகாப்பு. இவற்றை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் இருபது வயதுகளில் இருக்கும் ஒருவர் தனியாகச் சென்று வரக்கூடிய வட்டாரம்தான் இது.

நமக்கு முன்னே சென்றவர்கள்

1860 நவம்பர் 16-ஆம் தேதி, மெட்ராஸிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கான ஒப்பந்தத் தொழிலாளர்கள் அதில் வந்தார்கள். 1911 வரை இப்படி வந்தவர்கள் ஒன்றரை இலட்சத்துக்கும் மேல். மலாயாவின் காப்பி, ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் எடுத்த அதே காலம், பல குடும்பங்களுக்கு அதே மாவட்டங்கள். அதனால் டர்பனில் நாயுடு, கவுண்டர், பிள்ளை, முதலி, படையாச்சி என்று பெயர்ப்பலகைகளைப் பார்ப்பீர்கள், ஆனால் ஆங்கில எழுத்துக்கூட்டல் நாம் பழகியதல்ல. இளையோர் பெரும்பாலும் ஆங்கிலமே பேசுகிறார்கள். ஆனாலும் தைப்பூசத்துக்குக் காவடி எடுக்கிறார்கள்.

தனியாகப் பயணம் செய்த தமிழருக்கும் முன்னுதாரணம் உண்டு. 1911-இல் பிறந்த ஏ.கே. செட்டியார், காந்தி பற்றிய ஆவணப்படத்துக்காக 1930-களின் இறுதியில் நாடு நாடாகச் சென்று படச்சுருள் சேகரித்தார். அந்தத் தேடலில் தென்னாப்பிரிக்காவுக்கும் போனார். அப்போது அவருக்கு முப்பது வயது ஆகவில்லை. படம் 1940-இல் வெளிவந்தது.

கடப்பிதழில் கவனிக்க வேண்டியவை

தென்னாப்பிரிக்கா மலேசியர்களுக்கு விசா இல்லாமல் 30 நாள் தருகிறது. போட்ஸ்வானா, நமீபியா, ஸாம்பியா, ஸிம்பாப்வே, லெசோத்தோ, எஸ்வாத்தினி ஆகியவற்றுக்கும் முன்கூட்டி விசா எடுக்க வேண்டியதில்லை. விதிகள் மாறக்கூடியவை. நமீபியா 2025-இல் பல நாட்டவருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. ஆகவே டிக்கெட் வாங்குமுன் அந்தந்த நாட்டின் தூதரகத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

பலர் சறுக்கும் இடம் அந்த 30 நாள் கணக்குதான். பக்கத்து நாட்டுக்குப் போய்த் திரும்பினால் புதிதாக 30 நாள் கிடைக்காது, பழைய தேதியே தொடரும். அந்தத் தேதியைத் தாண்டித் தங்கினால், சில நாட்களாக இருந்தாலும், ஓராண்டு நுழையத் தடை விழலாம். 30 நாளுக்கு மேல் தாண்டினால் ஐந்தாண்டு. கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்கட்டும். எல்லைக்கு எல்லை முத்திரை விழும் என்பதால் வெற்றுப் பக்கங்கள் தாராளமாக வேண்டும். திரும்பும் டிக்கெட்டின் அச்சுப் பிரதியும் கையில் இருக்கட்டும்.

விமானமும் மஞ்சள் காய்ச்சலும்

ஜொகனஸ்பர்க், கேப் டவுனுக்கு மலேசிய ஏர்லைன்ஸ் நடத்திவந்த சேவை 2012-இல் நின்றது. இப்போது சிங்கப்பூர், துபாய், டோஹா, அடிஸ் அபாபா போன்ற நகரங்களில் மாறிச் செல்ல வேண்டும். மஞ்சள் காய்ச்சல் அபாயமுள்ள நாட்டின் விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தால், தென்னாப்பிரிக்கா தடுப்பூசிச் சான்றிதழ் கேட்கும். எத்தியோப்பியாவும் கென்யாவும் அப்படிப்பட்டவை. அத்தகைய நாடுகளிலிருந்து வருவோரிடம் மலேசியாவும் அதே சான்றிதழைக் கேட்கிறது. எனவே மலிவான டிக்கெட்டை எடுக்குமுன் காத்திருக்கும் நேரத்தைப் பாருங்கள். தேவையானால் பயணத்துக்குப் பத்து நாளுக்கு முன்பே ஊசி போட்டிருக்க வேண்டும். ஒருமுறை போட்டால் சான்றிதழ் வாழ்நாள் முழுதும் செல்லும்.

மலேரியா

ஜொகனஸ்பர்க், கேப் டவுன், டர்பன் நகரங்களில் மலேரியா இல்லை. குரூகர் தேசியப் பூங்கா, ஒக்கவாங்கோ, விக்டோரியா நீர்வீழ்ச்சி வட்டாரங்களில் உண்டு. மழை மாதங்களில் அபாயம் கூடும். எந்தத் தடுப்பு மாத்திரை உங்களுக்கு ஏற்றது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். புறப்படச் சில வாரங்களுக்கு முன்பே அவரைப் பாருங்கள்.

வீடு திரும்பிய பிறகும் கவனம் தேவை. கிள்ளான் பள்ளத்தாக்கில் காய்ச்சல் என்றதும் கிளினிக்கில் முதலில் டெங்கியைத்தான் நினைப்பார்கள். திரும்பிய பின் சில மாதங்களுக்குள் காய்ச்சல் வந்தால், ஆப்பிரிக்கா போய் வந்ததை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு சொல் உயிரைக் காக்கும்.

எப்போது போவது?

மே முதல் செப்டம்பர் வரை அங்கே குளிர்காலம், உட்பகுதிகளில் வறண்ட காலமும் அதுவே. புல் காய்ந்து விலங்குகள் நீர்நிலையைத் தேடி வருவதால் எளிதில் கண்ணில் படும், கொசுவும் குறைவு. ஆனால் ஜொகனஸ்பர்க் சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூன், ஜூலை இரவுகளில் உறைநிலை வரை குளிரும், பல வீடுகளில் வெப்பமூட்டி இருக்காது. நல்ல ஜாக்கெட் இல்லாமல் போகாதீர்கள். கேப் டவுனுக்கு மட்டும் அது மழைக்காலம். 1,708 மீட்டர் அகலமுள்ள விக்டோரியா நீர்வீழ்ச்சி மார்ச் முதல் மே வரை பெருக்கெடுத்து, அக்டோபர், நவம்பரில் மெலிந்துவிடும்.

எந்த வழி?

ஜொகனஸ்பர்க்கிலிருந்து கேப் டவுனுக்குச் சாலை வழி சுமார் 1,400 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூர் 350 கிலோமீட்டர்தான். ஒரே மாதத்தில் எல்லாவற்றையும் பார்க்க முயன்றால் பேருந்து இருக்கையிலேயே மாதம் கழிந்துவிடும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

முதல் வழி: ஜொகனஸ்பர்க், டர்பன், டிராகன்ஸ்பர்க் மலை, தென்கடற்கரை, கேப் டவுன். முதல் தடவை போவோருக்கு இதையே பரிந்துரைக்கிறேன். பேருந்தும் விடுதியும் எளிதில் கிடைக்கும். ஜொகனஸ்பர்க்கின் பிராம்ஃபோன்டைன் இடுகாட்டில் தில்லையாடி வள்ளியம்மையின் கல்லறை இருக்கிறது. காந்தி அங்கே நடத்திய சத்தியாகிரகத்தில் சிறை சென்று, நோயோடு வெளிவந்து, 1914 பிப்ரவரி 22-இல் இறந்தபோது அவருக்கு 16 வயது. டர்பனில் 1860 மரபு மையத்தைப் பாருங்கள். ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பித் தரும் 'பன்னி சாவ்' சாப்பிடுங்கள். பீன்ஸ் கறி நிரப்பிய சைவ வகையும் உண்டு.

இரண்டாவது வழி: போட்ஸ்வானாவின் கசானே, அருகிலுள்ள சோபே பூங்கா, அங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டரில் விக்டோரியா நீர்வீழ்ச்சி. விலங்குகளுக்கு இது சிறந்த வழி, ஆனால் செலவு அதிகம். நமீபியப் பாலைவனத்துக்குப் பொதுப் போக்குவரத்து போகாது. விடுதியில் ஆள் சேர்த்துக் காரைப் பகிர்வதோ சுற்றுலாக் குழுவில் சேர்வதோதான் வழி.

சாலையும் பணமும்

நகரங்களுக்கிடையே இன்டர்கேப் போன்ற நெடுந்தூரப் பேருந்துகள் ஓடுகின்றன. உள்ளூர் மக்கள் மினிபஸ் டாக்சியில் போகிறார்கள். பின்னாலிருந்து காசைக் கைமாற்றி முன்னே அனுப்புவது அங்கே வழக்கம். விடுதிக்காரரிடம் கேட்டு, பகலில், பழகிய வழியில் மட்டும் ஏறுங்கள். கார் ஓட்டுவதானால் ஜேபிஜேயில் அனைத்துலக ஓட்டுநர் உரிமம் எடுங்கள். எல்லை தாண்ட வாடகை நிறுவனத்தின் கடிதம் வேண்டும். இருட்டிய பின் ஓட்டாதீர்கள், மாடுகளும் குழிகளும் கண்ணுக்குத் தெரியாது.

ஒரு ரிங்கிட்டுக்கு ஏறத்தாழ நான்கு ராண்ட். நமீபியா, லெசோத்தோ, எஸ்வாத்தினியிலும் ராண்ட் செல்லும். ஸிம்பாப்வேக்குச் சிறு மதிப்பிலான, கிழியாத அமெரிக்க டாலர் தாள்களை எடுத்துச் செல்லுங்கள். தென்னாப்பிரிக்காவின் மின்செருகி நம்முடையதல்ல, பெரிய மூன்று உருண்டை முனைகள் கொண்டது. அதற்கான அடாப்டரை முன்பே வாங்குங்கள்.

பாதுகாப்பு

அச்சம் ஆதாரமற்றதல்ல. ஜொகனஸ்பர்க், கேப் டவுன், டர்பன் நகரங்களில் வழிப்பறி உண்மை. புதிய ஊரில் வெளிச்சத்திலேயே இறங்குங்கள். இரவில் நடக்காதீர்கள், ஊபர் அழையுங்கள். தெருவில் கைப்பேசியை நீட்டிக்கொண்டு நிற்காதீர்கள். ஏடிஎம்மில் "உதவ" வருபவரை விலக்குங்கள், கடைத்தொகுதிக்குள் இருக்கும் இயந்திரத்தையே பயன்படுத்துங்கள். பெண்கள், பெண்களுக்கு மட்டுமான அறையுள்ள விடுதியை முன்பதிவு செய்யுங்கள். காலையில் எந்தத் தெரு சரி, எது சரியில்லை என்று விடுதி வரவேற்பில் கேளுங்கள். அவர்களுக்குத் தெரிந்த அளவு இணையத்துக்குத் தெரியாது.

புறப்படுமுன் மருத்துவக் காப்புறுதி எடுங்கள். விஸ்மா புத்ராவின் பதிவில் உங்கள் பயணத்தைச் சேருங்கள். பிரிட்டோரியாவிலுள்ள மலேசியத் தூதரகத்தின் எண்ணைத் தாளிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போகும் வழியையும் தங்கும் இடங்களையும் வீட்டில் எழுதிக் கொடுங்கள். பெற்றோரின் அச்சத்தை வாதம் தீர்க்காது, தெளிவான திட்டம் தீர்க்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு அனுமதி கேளுங்கள். குடும்பப் பொறுப்புகள் கூடுமுன் போய் வாருங்கள்.