விட்டுப்போன எபிசோடுகள்

'மெட்டி ஒலி'யை முதல் எபிசோடிலிருந்து பார்த்து முடிக்க வேண்டும் என்று இன்று ஒருவர் உட்கார்ந்தால், அவருக்கு முன்னால் 811 எபிசோடுகள் காத்திருக்கின்றன. விளம்பரங்களைக் கழித்து ஒன்றுக்கு 20 நிமிடம் என்று வைத்தாலும் சுமார் 270 மணி நேரம். தினமும் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் நாலரை மாதம் ஆகும். திருமுருகன் இயக்கிய இந்தத் தொடர் 2002 முதல் 2005 வரை சன் டிவியில் வந்தது. 2020 பொதுமுடக்கத்தில் படப்பிடிப்புகள் நின்றபோது மறுபடியும் ஒளிபரப்பானது. அதில் வரும் சிதம்பரத்தையும் அவருடைய ஐந்து பெண்களையும் பற்றிப் பேச்செடுத்தால், முதல் முறை பார்த்தவர்கள் இருபது ஆண்டுகள் கழித்தும் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டு போவார்கள். போன மாதம் செல்போனில் ஒரே மூச்சில் பார்த்த வேறொரு தொடரின் கதையைக் கேளுங்கள், அவர்களே திணறுவார்கள். இந்த வேறுபாட்டுக்கு அறிவியலில் காரணம் இருக்கிறது.

அதைப் பார்க்கும் முன், எபிசோடுகள் எப்படி விட்டுப்போகின்றன என்பதிலிருந்து தொடங்கலாம். தென்னேரி மாதிரியான ஊரில் சீரியல் பார்க்கப்படாமல் பாக்கி விழுவதற்கு வழிகள் பல. காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெரிய ஏரிகளில் ஒன்று அங்கே இருக்கிறது. ஏரிக்குக் கீழே கழனிகள். சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டம் மாறி மாறி வரும்போது நடவு, களையெடுப்பு, அறுப்பு ஆகிய நாட்களில் மதியத்து சீரியல் போய்விடும். ராத்திரி சீரியலை அசதி தின்றுவிடும். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குக் கம்பெனி பஸ் ஏறுகிற பெண்களுக்கோ வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். பிரைம் டைம் என்று ஒரு நேரமே அவர்கள் நாளில் நிலையாக இல்லை.

சில நாள் வானமும் சேர்ந்து கெடுக்கும். மாடிகளில் இருக்கும் டிஷ்கள் தெற்குக்கும் கிழக்குக்கும் நடுவே பார்த்திருக்கின்றன, நிலநடுக்கோட்டுக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள்கள் நிற்கும் திசை அது. அங்கிருந்து வரும் அலையின் நீளம் இரண்டரை சென்டிமீட்டர் அளவு. அவ்வளவு குட்டையான அலையை மழைத்துளிகள் உறிஞ்சும், சிதறடிக்கும். ஐப்பசியில் அடைமழை பிடித்தால் 36,000 கிலோமீட்டர் பத்திரமாக வந்த சமிக்ஞை, தரைக்கு மேலே கடைசிச் சில கிலோமீட்டரில் தொலைந்துபோகிறது. மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசியிலும் இன்னொரு விநோதம் உண்டு. தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் சேனல்களைத் தரும் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால், சில நாட்கள் காலை பதினோரு மணி வாக்கில் சூரியன் வந்து நிற்கும். சூரியன் எல்லா ரேடியோ அலைகளையும் வீசுகிறது; அந்த இரைச்சலில் சில நிமிடங்களுக்குப் படம் மூழ்கிவிடும். வெயில் பளிச்சென்று அடிக்கும்போது ஏன் சிக்னல் இல்லை என்று டிஷ்ஷைத் திருப்பிப் பார்ப்பவர்கள், கொஞ்சம் பொறுத்தால் போதும்.

இப்படி விட்டுப்போனவற்றைத் தீர்க்க இப்போது செல்போன் இருக்கிறது. மாட்டுக்கொட்டகையில் சாய்ந்துகொண்டு ஒருவர் பழைய எபிசோடு ஒன்றைத் தொட்டதும் அது ஓடத் தொடங்குகிறதே, அது எவ்வளவு பெரிய காரியம் என்பது கணக்குப் போட்டால்தான் புரியும்.

நம் பழைய டிவிப் படம் ஒன்றில் 576 வரிகள், வரிக்கு 720 புள்ளிகள், ஆக 4 லட்சத்து 14 ஆயிரத்துச் சொச்சம் புள்ளிகள். நொடிக்கு இப்படி 25 படங்கள். இருபது நிமிட எபிசோடுக்கு 30,000 படங்கள். ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்தையும் நிறத்தையும் அப்படியே எண்களாக எழுதி வைத்தால் ஒரு எபிசோடு சுமார் 25 ஜிபி வரும். 811 எபிசோடுக்கு ஏறத்தாழ 20,000 ஜிபி. ஆனால் செல்போனுக்கு வரும் எபிசோடு, நொடிக்குப் பத்து லட்சம் பிட் என்ற சுமாரான தரத்தில், 150 எம்பிக்குள் அடங்கிவிடுகிறது. முழுத் தொடரும் 128 ஜிபி மெமரி கார்டு ஒன்றுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். ஏறத்தாழ நூற்று அறுபத்தாறில் ஒரு பங்குதான் அனுப்பப்படுகிறது, மீதி விட்டுவிடப்படுகிறது. பார்க்கிறவருக்கு ஒன்றும் குறைந்ததாகத் தெரியவில்லை.

இதைச் சாத்தியமாக்கிய கணக்கின் வேர் பெங்களூரில் பிறந்த ஒருவரிடம் இருக்கிறது. நசீர் அகமது அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். 1972இல், படங்களைச் சுருக்குவதற்கு கொசைன் அலைகளைப் பயன்படுத்தும் ஒரு முறையை ஆராயப் பணம் கேட்டு அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தார். நிதி கிடைக்கவில்லை. அவர் விடவில்லை. மாணவர் நடராஜனையும் நண்பர் கே.ஆர். ராவையும் சேர்த்துக்கொண்டு வேலையை முடித்து, 1974 ஜனவரியில் சில பக்கக் கட்டுரையாக வெளியிட்டார். இன்று செல்போனில் எடுக்கும் ஜேபெக் புகைப்படமும் இணையத்தில் ஓடும் வீடியோவும் அந்தச் சில பக்கங்களின் வழித்தோன்றல்கள். மூன்று இந்தியப் பெயர்கள் தாங்கிய அந்தக் கட்டுரை நம் பள்ளிப் பாடங்களில் இன்னும் பெரிதாக இடம்பெற வேண்டும் என்பது என் ஆசை.

முறை இதுதான். படத்தைப் பாத்தி கட்டுவதுபோல எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட சிறு சதுரங்களாகப் பிரிக்க வேண்டும். ஒரு சதுரத்தின் 64 புள்ளிகளையும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதிலாக, அந்தச் சதுரத்தில் மெதுவாக மாறும் வெளிச்சம் எவ்வளவு, சற்று வேகமாக மாறுவது எவ்வளவு, மிக நுணுக்கமாக நெளிவது எவ்வளவு என்று 64 வகை அலைகளின் அளவுகளாகச் சொல்லலாம். எண்ணிக்கை அதே 64தான், ஆனால் இப்போது கனமெல்லாம் முதல் சில எண்களில் குவிந்துவிடுகிறது. சுவர், கன்னம், வானம் எல்லாமே பெரும்பாலும் மெதுவாக மாறும் பரப்புகள். நுணுக்கமான நெளிவைக் கண் அவ்வளவாகக் கவனிப்பதில்லை என்பதால் அந்த எண்களைத் துணிந்து நீக்கிவிடலாம். நிறத்திலும் இதே தாராளம்: கண் வெளிச்சத்தைக் கூர்மையாகப் பார்க்கும், நிறத்தை மங்கலாகவே பார்க்கும். அதனால் நான்கு புள்ளிகளுக்குச் சேர்த்து ஒரே நிறம் அனுப்பினால் போதும்.

இதைவிடப் பெரிய மிச்சம் காலத்தில் கிடைக்கிறது. ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான் போயிருக்கிறது. அதற்குள் மாமியாரின் புருவம் கொஞ்சம் ஏறியிருக்கும். பின்னாலிருக்கும் பீரோவும் காலண்டரும் அப்படியே இருக்கும். ஆகவே எப்போதாவது ஒரு முழுப் படத்தை அனுப்பிவிட்டு, அடுத்தடுத்த படங்களுக்கு மாறியது மட்டும் அனுப்பப்படுகிறது: இந்தப் பகுதி இவ்வளவு நகர்ந்தது, இந்த இடத்தில் இவ்வளவு வெளிச்சம் கூடியது என்று. தொடரின் நடுவில் தட்டித் தள்ளிப் பார்த்தால் படம் ஒரு கணம் தயங்குகிறதல்லவா? அருகிலிருக்கும் முழுப் படத்தைக் கண்டுபிடித்து அங்கிருந்துதான் போன் மறுபடி கட்டிக்கொண்டு வர வேண்டும். எபிசோடின் தொடக்கத்தில் வரும் முன்கதை நமக்குச் செய்யும் உதவியும் இதே வகைதான்.

வீட்டுக்குள்ளேயே நடக்கும் தமிழ் சீரியல், முகத்தை நெருக்கமாகக் காட்டி நிதானமாக நகர்வதால், இந்தக் கணக்குக்கு மிகவும் இதமானது. அதிர்ச்சிக் காட்சியில் முகத்தை மூன்று முறை சடசடவென்று இழுத்துக் காட்டும் இடத்தில் மட்டும் செலவு ஏறும். உண்மையில் இந்தக் கணக்கைத் திணறடிப்பது வேறு: தென்னேரி ஏரியின் மேல் காற்று எழுப்பும் சிற்றலை, அசைகிற நெற்பயிர், கொட்டுகிற மழை. ஒவ்வொரு புள்ளியும் ஒவ்வொரு திசையில், முன்கூட்டிச் சொல்ல முடியாதபடி மாறுகிறது. ஐந்து ஏக்கர் நெல் காற்றில் ஆடுவதை அரை நிமிடம் காட்டுவதற்கு ஆகும் செலவில், ஒரு கூடத்துச் சண்டையை நிமிடக்கணக்கில் காட்டிவிடலாம்.

இவ்வளவும் வந்து சேர்ந்த பிறகும் திரையில் எதுவும் நகரவில்லை. நிலைப் படங்கள் ஒன்றன் பின் ஒன்றாக மாறுகின்றன, அவ்வளவுதான். 1912இல் உளவியலாளர் மாக்ஸ் வெர்ட்ஹைமர், இரண்டு கோடுகளைச் சரியான இடைவெளியில் மாறி மாறிக் காட்டினால் ஒரே கோடு இடம்பெயர்வதாகத் தெரிவதைச் சோதித்து எழுதினார். நடுவில் இல்லாத அசைவை மூளை இட்டு நிரப்புகிறது. மருமகள் சமையலறையிலிருந்து கூடத்துக்கு நடந்து வருவது பார்க்கிறவரின் தலைக்குள்தான்.

சரி, பாக்கியைத் தீர்க்க வேண்டும் என்ற அந்த நமைச்சல் எங்கிருந்து வருகிறது? 1927இல் பெர்லினில் ப்ளூமா ஜெய்கார்னிக், பாதியில் நிறுத்தப்பட்ட வேலைகளே மனதில் நன்றாக நிற்கின்றன என்று எழுதினார். இது உலகம் முழுக்கப் பரவிய கூற்று. அவருடன் படித்த மரியா ஓவ்சியாங்கினா மறு ஆண்டு வெளியிட்டது அவ்வளவு பிரபலமாகவில்லை: பாதியில் நிறுத்தப்பட்டவர்கள், யாரும் சொல்லாமலே, திரும்பிப் போய் அந்த வேலையை முடிக்கப் பார்க்கிறார்கள். நூறாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2025இல் வெளியான ஒரு மதிப்பீட்டில், நினைவு பற்றிய ஜெய்கார்னிக்கின் கூற்றுக்கு ஆதாரம் நிற்கவில்லை. ஓவ்சியாங்கினாவின் கூற்று நிலைத்தது. 'தொடரும்' என்று போட்டால் கதை நன்றாக நினைவிருக்கும் என்பதற்கு உறுதி இல்லை, நாம் திரும்பி வருவோம் என்பதற்கு உண்டு.

நினைவிருப்பதற்கு வேறொன்று வேண்டும். மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் வெளியிட்ட சோதனையில், 'தி கேம்' என்ற பிபிசி உளவுத் தொடரின் ஆறு எபிசோடுகளையும் ஒரு குழு ஒரே மூச்சில் பார்த்தது. இன்னொரு குழு நாளுக்கு ஒன்று, மூன்றாவது குழு வாரத்துக்கு ஒன்று. மறுநாள் கேட்டபோது ஒரே மூச்சில் பார்த்தவர்களே நன்றாகச் சொன்னார்கள். 140 நாள் கழித்துக் கேட்டபோது அதிகமாக மறந்திருந்தவர்களும் அவர்கள்தாம். தொடர் பிடித்திருந்தது என்று சொன்னதிலும் அவர்களே குறைவு. 1885லேயே ஹெர்மன் எபிங்ஹவுஸ், அர்த்தமற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து பார்த்து, ஒரே நாளில் குவித்துப் படிப்பதைவிட நாட்களில் பரப்பிப் படிப்பது நிலைக்கும் என்று காட்டியிருந்தார். நடுவில் வரும் தூக்கத்துக்கு இதில் பெரும் பங்கு உண்டு. தூங்கும்போது மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதி பகலில் நடந்தவற்றை மறுபடி ஓட்டிப் பார்க்கிறது, நினைவு பதப்படுகிறது. மூன்று ஆண்டுகளுக்கு மேல் நாளுக்கு ஒன்றாக 'மெட்டி ஒலி' பார்த்தவர்களுக்கு நூற்றுக்கணக்கான இரவுகள் இந்த வேலையைச் செய்து கொடுத்தன. அதனால்தான் பாக்கியைத் தீர்ப்பவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது: ஒரு நாளைக்கு ஒன்றிரண்டோடு நிறுத்துங்கள். மிச்சம் எங்கும் போய்விடாது.

இரவுகளோடு இன்னொன்றும் சேர்ந்திருந்தது, அதுதான் என்னை அதிகம் வியக்க வைப்பது. வரிசையாகக் குனிந்து நாற்று நடும்போது, முந்தின ராத்திரி பார்க்காதவர் கேட்பார், "நேத்து இன்னாக்கா ஆச்சு?" பார்த்தவர் தொடங்குவார். யார் என்ன சொன்னார், யார் அழுதார், எந்த இடத்தில் 'தொடரும்' போட்டார்கள் என்று நான்கு முடி நாற்று தீர்வதற்குள் முழுக் கதையும் வந்துவிடும். சொல்கிறவருக்கு இதனால் ஆதாயம் உண்டு. 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு உளவியலாளர்கள் மாணவர்களிடம் சோதித்தார்கள். படித்ததையே மறுபடி படித்தவர்களைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது.

கேட்கிறவருக்கும் ஆதாயம் உண்டு. 2017இல் ஜானிஸ் சென்னும் சகாக்களும் 17 பேருக்கு, மூளையை ஸ்கேன் செய்தபடியே, 'ஷெர்லாக்' தொடரின் 50 நிமிடத்தைக் காட்டினார்கள். பிறகு கதையை வாயால் சொல்லச் சொன்னார்கள். ஒவ்வொருவரும் தன் சொந்தச் சொற்களில்தான் சொன்னார். ஆனாலும் ஒரே காட்சியை நினைவுகூர்ந்தபோது ஒருவர் மூளையில் எழுந்த செயல்பாட்டின் கோலம் மற்றவருடையதை ஒத்திருந்தது. அதே ஆண்டு ஆசியே சத்பூத் தலைமையில், இதே சென்னும் பங்கேற்ற இன்னொரு சோதனை ஒரு படி மேலே போனது. தொடரைப் பார்க்காதவர்களை ஸ்கேனருக்குள் படுக்க வைத்து, பார்த்தவர் சொன்ன கதையை மட்டும் கேட்க வைத்தார்கள். படமே பார்க்காத அவர்களுடைய மூளையின் சில உயர்நிலைப் பகுதிகளில், பார்த்தவர்களிடம் எழுந்ததைப் போன்ற கோலங்கள் காட்சிவாரியாக எழுந்தன. எவருக்கு அந்த ஒற்றுமை அதிகமாக இருந்ததோ, அவர் கதையை நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்.

25 ஜிபியை 150 எம்பியாக்க ஐம்பது ஆண்டுக் கணிதம் தேவைப்பட்டது. கழனியில் கதை சொல்லும் அக்கா ஒரு எபிசோடை ஐந்து நிமிடப் பேச்சாக்குகிறார். சேற்றில் பக்கத்தில் நிற்பவரின் மூளையில், அவர் பார்க்காத காட்சிகள் ஒவ்வொன்றாக எழுகின்றன.